சுவரோர நாற்காலி

தரம் ஒன்று டீச்சரின் நாற்காலி கரும்பலகைக்குப் பக்கத்தில் இருக்காது. வகுப்பின் பின்பக்கம், மண்மேட்டை ஒட்டிய சுவரோரம் கிடக்கும். கால் விரிசல் கண்டு, கம்பி சுற்றிய நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. பிள்ளைகளின் மேசைகள் எல்லாம் வாசல் பக்கமாக நெருக்கியடித்துக் கிடக்க, டீச்சர் மட்டும் ஈரச் சுவரோடு தனியே உட்கார்ந்திருப்பார். புதிதாக வருகிறவர்கள், பிள்ளைகளைக் கண்டால் டீச்சருக்கு அலர்ஜியா என்று கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

கந்தப்பளைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே ஒரு தோட்டப் பாடசாலை அது. எனக்கு அதுதான் முதல் நியமனம். தரம் ஒன்றுக் கட்டடத்தின் முதுகில் சாய்ந்தாற்போல் நின்றது மண்மேடு. அடைமழைக் காலத்தில் சுவரின் அடியிலிருந்து செம்மண் தண்ணீர் கசியும். தடுப்புச் சுவர் கேட்டுப் பாடசாலை அதிபர் எழுதிக்கொண்டே இருந்தார். கவனத்தில் எடுத்திருக்கிறோம் என்று பதிலும் வந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு வினாத்தாள் வந்தது. பாடசாலையின் சூழலையும் பாதுகாப்பையும் பற்றி ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கப் போகிறார்களாம். பெயர் எழுத வேண்டாம், தனித்தனியே நிரப்புங்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. எங்கள் வழக்கம் வேறு. எந்தப் படிவம் வந்தாலும் ஓய்வறையில் எல்லோரும் கூடுவோம். பிளேன்டீயும் வடையும் வரும். அதிபர் ஒவ்வொரு கூற்றாக வாசித்து எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்று சொல்வார், எல்லோரும் போடுவோம். தனிப்பட்ட அபிப்பிராயத்தைக்கூடக் கூட்டாக வைத்துக்கொண்டிருந்த ஆட்கள் நாங்கள்.

‘இப்பாடசாலையில் நான் பாதுகாப்பாக உணர்கிறேன்’ என்ற கூற்று வந்ததும் அதிபர், முழுமையாக உடன்படுகிறேன் என்றார். எல்லாப் பேனாவும் அசைந்தன. டீச்சரின் பேனா மட்டும், சற்றும் உடன்படவில்லை என்ற கடைசிக் கட்டத்தில் போய் நின்றது. அதிபர் அதைப் பார்த்துவிட்டார்.

“எனக்குப் பயமாத்தான் இருக்குங்க சேர். அதத்தானே கேக்குறாங்க.”

அதிபர் அதட்டுகிறவர் அல்லர். அன்றைக்கும் அதட்டவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஆபத்தான இடம் என்று மூடிய கதையை எடுத்தார். அங்கே சுவர் கட்டித் தருவார்கள் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். கடைசியில் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பையன்கள் எப்படியோ பஸ் பிடித்துப் போனார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப் பேர், அம்மா கொழுந்து பறிக்கப் போனபின் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

“நீங்க உண்மைய எழுதுனா சுவரு வராது டீச்சர். பூட்டுத்தான் வரும்,” என்றார்.

டீச்சர் புதுத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, எல்லோரையும்போல் புள்ளடி போட்டார். எழுந்து நேரே வகுப்புக்குப் போய், மேசைகளை ஒவ்வொன்றாக வாசல் பக்கம் இழுத்தார். நானும் கூட இழுத்தேன். நாற்காலியைச் சுவரோரம் போட்டவர், “மேடு அசைஞ்சா மொதல்ல எனக்குக் கேக்கணும். பேப்பர்ல இதையெல்லாம் எங்க கேக்குறாங்க,” என்றார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாதுகாப்பில் எங்கள் பாடசாலை வலயத்திலேயே முன்வரிசையில் வந்தது. பாராட்டுக் கடிதம் வந்தது, பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. ஆசிரியர்களே பயமில்லை என்று சொன்ன இடத்துக்கு எதற்குச் சுவர் என்று அந்தக் கோரிக்கையும் அத்தோடு கிடப்பில் போனது. ஓய்வு பெறும் நாள் வரை டீச்சர் அந்தச் சுவரோரமே உட்கார்ந்திருந்தார். ஈரம் இடுப்பில் ஏறி, கடைசி வருடங்களில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

இப்போது நான் ஆசிரிய ஆலோசகர். வினாத்தாள் கொண்டுபோவது என் வேலை. விடைகளைக் கூட்டிச் சராசரி போடும்போதெல்லாம் கை சலித்துப்போகிறது. எங்கள் மலையில் எந்த ஆசிரியருக்கும் எதற்கும் பயமில்லை என்றுதான் கணக்கு சொல்கிறது.

போன மழைக்கு அந்தப் பாடசாலைக்கே போக நேர்ந்தது. தரம் ஒன்றில் ஓர் இளம் ஆசிரியை. மேசைகள் வாசல் பக்கம், நாற்காலி சுவரோரம். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். அவர் அந்த வகுப்பிலேயே படித்தவராம்.

“டீச்சர் எங்கள இந்தப் பக்கம் அண்டவே விடமாட்டாங்க மேடம். ஏன்னு அப்ப தெரியாது.”

தாளை அவரிடம் கொடுத்து, இந்த முறையாவது ஒருவர் மனதில் உள்ளதைச் சொல்லட்டும் என்ற ஆசையில், “உண்மையா எழுதுங்க, நான் யாருக்கும் காட்ட மாட்டேன்,” என்றேன். அவர் அந்தக் கூற்றை இரண்டு தடவை வாசித்தார். பிள்ளைகளைப் பார்த்தார்.

“அன்னைக்கு இத மூடியிருந்தா நான் லயத்துலதான் இருந்திருப்பேன் மேடம்.”

முழுமையாக உடன்படுகிறேன் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். யாரும் வாசித்துக் காட்டவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வெளியே மழை வலுத்தது. அவர் போய், நாற்காலியைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.