சாமிப் புகை, காட்டுப் புகை

இங்கே ஆகஸ்டு மாதத்தில் சூரியனைக் கண் கூசாமல் பார்க்கலாம். காலை ஒன்பது மணிக்கு, காட்டுத்தீப் புகைக்குப் பின்னால், பழுத்த மிளகாய் நிறத்தில் வட்டமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். செஞ்சியில் இருந்தவரை பாதிக் கண்ணை மூடித்தான் சூரியனைக் கும்பிட்டிருக்கிறேன். நேருக்கு நேர் பார்த்துக் கும்பிட முடிந்த முதல் நாள், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. போனை எடுத்து, இன்றைக்குக் காற்றின் மாசுக்கு என்ன எண் என்று பார்க்கிறார்கள். ஒன்று, இரண்டு என்றால் பிள்ளைகள் வெளியே ஓடலாம். பத்தைத் தாண்டினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்.

கனடாவின் மேற்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கிறது இந்த ஊர். என் மனைவி சுமதிக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்ததால் வந்தோம். நான் பத்தாவது படித்தவன். ஆப்பிளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் ஷெட்டில் வேலை. வந்த புதிதில் புகை சில நாள் வந்து போய்விடும். இப்போது வாரக்கணக்கில் நிற்கிறது. ஷெட்டில் இருமாத ஆள் இல்லை. எங்கள் ஒன்பது வயது மகள் ரங்கநாயகிக்குப் போன கோடையில்தான் இளைப்பு ஆரம்பித்தது. பென்சில் டப்பாவோடு இன்ஹேலரையும் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

மலை எரிவதை நான் பார்க்காதவன் இல்லை. வெயில் காலத்தில் செஞ்சிக் கோட்டை மலையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். சாயங்காலம் மொட்டை மாடியில் நானும் தங்கச்சி வள்ளியும் நின்று பார்ப்போம். மலையின் கழுத்தில் சாமந்தி மாலை போட்டதுபோல் தீ வளைந்து வளைந்து ஏறும். “நம்ம வூட்டுக்கு வந்துடுமா நைனா?” என்று வள்ளி அழுவாள். “பாறையத் தாண்டி எங்க வரும்? முட்டிக்கினு அணைஞ்சிடும். போய் சாப்புடு போ” என்பார் நைனா. அப்படியேதான் நடக்கும். எங்கள் மலை முழுக்கப் பாறை. மேலே போக வழியில்லாமல் தீ அங்கேயே அடங்கிவிடும். இங்கே மலை முழுக்க மரம். அதுவும் மழை இல்லாமல் விறகாகக் காய்ந்து நிற்கிற மரம். எது போய்த் தடுக்கும்?

புகையும் அங்கே எங்களுக்கு வேண்டப்பட்ட ஆள். மாட்டுக் கொட்டகையில் கொசுவை விரட்ட வேப்பிலைப் புகை. தலைக்குக் குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை. வீட்டுக்குள் காற்று சரியில்லை என்று தோன்றினால், புகை போட்டுத்தான் சரி செய்வோம். அந்தப் பழக்கத்தில்தான் நான் தப்பு செய்தேன்.

அன்றைக்கு ஆடி வெள்ளி. சுமதி வேலைக்குப் போயிருந்தாள். நாலு நாளாகச் சாத்திய ஜன்னல். அப்படியும் வீட்டுக்குள் கரிந்த மர வாடை. வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்கு முன்னால் இந்த வாடையா என்று மனசு கேட்கவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் வாங்கி வந்த சாம்பிராணியை எடுத்தேன். புகை வந்தால் கத்தும் அலாரத்துக்குப் பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டேன். நம் ஆட்கள் பலபேர் வீட்டில் நடக்கிற காரியம்தான் அது. அடுப்பில் கொட்டாங்குச்சியைக் கங்காக்கித் தூபம் போட்டேன்.

“நைனா, மெஷின்ல ரெட் வந்துடுச்சு” என்றாள் ரங்கநாயகி. காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தைச் சொன்னாள்.

“அதுக்கு இன்னா தெரியும்? சாமிப் புகை வேற, காட்டுப் புகை வேற கண்ணு. இது நெஞ்சுக்கு நல்லது” என்று சொல்லி இயந்திரத்தை அணைத்துவிட்டேன். அவள் தலையைச் சுற்றி மூன்று முறை தூபம் காட்டினேன். அவளும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

அரை மணி நேரத்தில், கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். மார்பில் விசில் சத்தம். இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்க, பேச்சு வரவில்லை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே முகமூடி மாட்டி மருந்து கொடுத்த நர்ஸ் என்னிடம் கேட்டார்: வீட்டில் ஏதாவது எரித்தீர்களா? இல்லை என்றேன். மெழுகுவத்தி? இல்லை. பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. சாமிக்குப் போட்டதை எரித்தது என்று என் மனசு கணக்கிலேயே எடுக்கவில்லை. முகமூடிக்கு மேலே மகளின் கண் மட்டும் என்னையே பார்த்தது.

சுமதி யூனிபார்மோடு ஓடி வந்தாள். மகளைத் தொடும் முன்பே என் சட்டையை முகர்ந்தாள்.

“சாம்பிராணி போட்டீங்களா?”

“ஆடி வெள்ளி சுமதி...”

“ஆடி வெள்ளின்னு அவ நெஞ்சுக்குத் தெரியுமா? டாக்டராண்ட சொன்னீங்களா இல்லியா?”

தெரிந்த ஆங்கிலத்தில் நர்ஸிடம் போய்ச் சொன்னேன். சாமி, புகை, மூன்று சுற்று என்று கையால் சுற்றியும் காட்டினேன். அவர் திட்டவில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அம்மனுக்குச் செய்ததைக் குற்றம்போல ஒப்புக்கொள்கிறோமே என்று நாக்கு தடுமாறியது. ஆனால் என் பிள்ளை மூச்சுக்குத் திணறியது உண்மை. மறுநாள் மதியம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வள்ளியை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம். நடந்ததைக் கேட்டுப் பதறினாள். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் வாய் திறந்துவிட்டது.

“மெஷினையே ஆஃப் பண்ணியா? நீ பத்தாவதுல சயின்ஸ்ல எடுத்த மார்க் எனக்குத் தெரியும்ண்ணா.”

“சரி, வுடு. இனிமே இங்க தூபம் கிடையாது. சாமிக்கு நான் இன்னாத்தச் சொல்றது?”

“ஒண்ணும் சொல்லவாணாம். நான் போடறேன், நீ பாரு. ரங்காவக் கூப்புடு.”

போனை அம்மன் படத்துக்கு எதிரே சாய்த்து வைத்துத் தூபக்காலைக் காட்டினாள். திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. மணிச் சத்தம் மட்டும் வந்தது. ரங்கநாயகி இரண்டு கையையும் போன் திரைமேல் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“வாசனையே வரல நைனா” என்றாள்.

நான் அவள் முதுகில் காதை வைத்தேன். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. அப்படியே கேட்டபடி, திரையில் புகை கலைந்து அம்மன் முகம் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.