முகர்ரம் அக்காவின் ஐந்து மீட்டர்

ஓஷ் நகரச் சந்தையை ஒட்டி எங்கள் குடும்பம் கண்ணாடிக் கடை தொடங்கி இருபத்தைந்து வருடமாகிறது. தொடங்கியவர்கள் அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் கோஸிம்ஜான் லென்ஸ் தேய்ப்பார். இளையவர் எர்காஷ், என் வீட்டுக்காரர், பிரேம் விற்பார். ஆனால் ஆட்கள் தேடி வந்தது மூத்தவரின் மனைவி முகர்ரம் அக்காவை. கண் பரிசோதிப்பது அவர்தான். மலைப்பாதையில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் வருடா வருடம் அவரிடம் கண் சீட்டு வாங்கியாக வேண்டும். ஒரு எழுத்து தப்பினாலும் கெஞ்சல் எடுபடாது. "என் கால்ல விழுந்தா எழுத்து பெருசாயிடுமா? எந்திரி" என்பார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணப் பேச்சில் சகோதரர்களுக்குள் முட்டிக்கொண்டது. மகளின் பிரசவத்துக்காக அக்கா எல்லை தாண்டி அந்திஜான் போய் நாற்பது நாள் தங்கியிருந்த சமயம். அவர் திரும்பும்போது கடைக்கு நடுவே சுவர் நின்றது. தாடி நரைத்தும் புத்தி வராத ஜென்மங்கள். நானும் அக்காவும் பின்வாசல் வழியாகப் போய் வந்து ஒன்றாகவே டீ குடித்தோம்.

போன மாதம் பரிசோதனை அறைக்குத் தரை விரிப்பு மாற்ற ஒருவர் வந்து அளந்தார்.

"நீளம் நாலேகால் மீட்டர் வாங்கினா போதும்மா."

அக்கா சிரித்தார். "நாற்காலியிலேருந்து எழுத்து அட்டைக்கே அஞ்சு மீட்டர்யா. டேப்பை ஒழுங்காப் பிடி."

அவர் மறுபடி பிடித்தார். அக்காவே வாங்கிப் பிடித்தார். நாற்காலிக் காலடியில் இருந்த மஞ்சள் கோட்டிலிருந்து அட்டைக்குச் சரியாக நாலு மீட்டர். தூரம் குறைந்தால் எழுத்து பெரிதாகத் தெரியும், தேறக்கூடாதவனும் தேறிவிடுவான்.

"இந்தக் கோட்டை யாரு போட்டது?"

கோஸிம்ஜான் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "நான்தான். சுவர் வெச்சப்ப ஒரு மீட்டர் அவன் பக்கம் போயிடுச்சு. தம்பிகிட்ட தோத்துட்டேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் கோட்டை அட்டைப் பக்கமாத் தள்ளிப் போட்டேன்."

அந்த ஒரு மீட்டரில்தான் நான் அலமாரி வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா பதிவேட்டை எடுத்தார். தேறிய ஓட்டுநர்கள் எல்லாரையும் திரும்பக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

"ஊரே காறித் துப்பும், முகர்ரம்."

"துப்பட்டும். நீங்க தள்ளி உக்காருங்க."

பதிவேட்டில் குறித்துக்கொள்ள வசதியாகப் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். பதினாறு பேர் வருவதாகச் சொன்னார்கள், இரண்டு பேர் திட்டிவிட்டு. அடுத்த பெயர் டால்கன்பெக். எடுத்தது அவர் மனைவி.

"அவரு போய் ரெண்டு குளிர்காலம் ஆச்சுக்கா. மலை வளைவுல லாரி மோதி. எம் புருஷனுக்குக் கண்ணு சரியில்லன்னு அந்த லாரிக்காரன் கோர்ட்டுல சாதிச்சான். உங்க சீட்டைக் காட்டினேன், வாயை மூடிட்டான். நீங்க நல்லா இருக்கணும்."

கோஸிம்ஜான் போனை அணைக்கக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார். பதிவேட்டில் டால்கன்பெக் கடைசி வரிசையை மட்டுமட்டாகப் படித்ததாக அக்காவின் கையெழுத்திலேயே இருந்தது.

"அம்மாடி, அந்தச் சீட்டு தப்பு. நான் வெச்ச தூரம் தப்பு. சரியான தூரத்துல அவரு தேறியிருக்க மாட்டாரு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப அந்த லாரிக்காரன்? அவன் இன்னும் ஜெயில்லதானேக்கா இருக்கான்?"

அக்கா பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். செருப்புப் போடவும் மறந்து வாசலுக்குப் போனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கோர்ட்டு எத்தனை மணி வரைக்கும்டி திறந்திருக்கும்?"