சீட்டு இல்லாத வண்டியும் சாரி கார்டு போட்ட வண்டியும்

காலை ஏழு ஐந்துக்குப் பாரிமுனையிலிருந்து காஞ்சிபுரம் பஸ் கிளம்பியபோது என் மடியில் ஹெல்மெட் இருந்தது. பதினோரு மாதம் பீரோ மேல் தூசி தின்ற ஹெல்மெட். பக்கத்தில் என் மனைவி ரோசி. சர்ச்சில் ஐந்தரை மணிப் பூசையை முடித்துவிட்டு, பூப்போட்ட வாயில் சேலையோடு நேராகப் பஸ்ஸுக்கு வந்திருந்தாள். கண்டக்டர் ஹெல்மெட்டைப் பார்த்து, பஸ்ஸில் வருகிறவருக்கு இது எதற்கு என்று கேட்டார். திரும்பும்போது தேவைப்படலாம் என்று ரோசிதான் பதில் சொன்னாள். அந்த 'லாம்' எனக்குச் சுருக்கென்றது. ஸ்ரீபெரும்புதூருக்கு நாற்பது கிலோமீட்டர், தலைக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். 1991 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ட்ரையல்ஸ் என்று ஒரு மோட்டார் சைக்கிள் விளையாட்டு உண்டு. அதில் வேகத்துக்கு மரியாதையே கிடையாது. பாறை, பள்ளம், மரவேர் எதன்மேல் போனாலும் கால் தரையில் படக்கூடாது, அவ்வளவுதான். அதற்கென்றே செய்த வண்டிகள் இருக்கின்றன. வெள்ளாட்டுக் குட்டி மாதிரி லேசு, இன்ஜின் நல்ல இழுவை. நான் போட்டிக்காரன் அல்ல. பாலிடெக்னிக்கில் லேத் சொல்லிக்கொடுப்பவன். ஞாயிறு ஆனால் ரோடு இல்லாத இடமாகப் பார்த்து, ஏரிக்கரை, ஒற்றையடிப் பாதை என்று வண்டி ஓட்டுகிற கிறுக்கு ஒன்று எனக்கு உண்டு. போன வருஷம் செங்குன்றத்துக்கு அப்பால் ஒரு சரளைச் சரிவில் கனமான ரோட்டு வண்டியோடு விழுந்தேன். இடது முட்டி பெயர்ந்தது. வண்டியையும் விற்றாயிற்று.

அதற்குப் பிறகு வீட்டில் ஓர் ஒப்பந்தம். இந்தக் காலுக்குத் தோதாக ஒரு வண்டி கிடைத்தால் ஓட்டலாம். ஒரே ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். தோதுப்படவில்லை என்றால் வாழ்நாள் பூராவும் பஸ்தான். நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன். அந்த ஒரே ஒரு தடவை இன்றைக்குத்தான். வல்லத்தில் ஒருவரிடம் இரண்டு ட்ரையல்ஸ் வண்டி விலைக்கு இருப்பதாகக் கேள்வி.

எட்டு முப்பத்தைந்துக்கு ஸ்ரீபெரும்புதூர். டீ ஒரு ரூபாய். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகும் பஸ்ஸில் ஏழெட்டுக் கிலோமீட்டர் போய் வல்லத்தில் இறங்கினோம். இருபுறமும் அறுத்து முடித்த வயல், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதுக் காம்பவுண்டுச் சுவர். எனக்கு வயலும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை. அடேயப்பா, ஒன்றுக்கு இரண்டு ட்ரையல்ஸ் வண்டி ஒரே கொட்டகையில்! இந்தியாவிலேயே எத்தனை இருக்கும்?

வண்டிகளின் சொந்தக்காரர் ஏகாம்பரம் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யை எங்களுக்காக விட்டிருந்தார். மெஷின் பொருத்த வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது பழைய வண்டியை இவரிடம் தள்ளிவிட்டுப் போனாராம். அவருக்குப் பின் வந்தவர் புதியதை. இரண்டுக்கும் ஆர்.சி. புத்தகம் சரியாக இருந்தது. விலையும் இரண்டுக்கும் ஒன்றே. எதை எடுத்தாலும் பதினாறாயிரம்.

கொட்டகைக் கதவைத் திறந்தார். நேராகப் புதியதிடம் போனேன். இரண்டு வருஷத்து வண்டி. பின்னால் ஒற்றை ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், தண்ணீரில் குளிரும் இன்ஜின். சீட்டு என்று ஒன்றே இல்லை. நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும், அதுதான் அதன் பெருமை. மவுண்ட் ரோடு நடைபாதையில் வாங்கிய பழைய பத்திரிகைகளில் நான் பார்த்துப் பார்த்து ஏங்கிய வண்டி.

அடுத்ததைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினைந்து வயசான, பின்னால் இரண்டு ஸ்பிரிங் வைத்த ட்ரையல்ஸ் வண்டி. அதன் முதுகில் கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி சிவப்பு ரெக்ஸின் சீட்டு, வெள்ளை பார்டர். பின்னால் கேரியர். இடது பக்கம் சாரி கார்டு!

ஏகாம்பரம் கோபித்துக்கொள்ளவில்லை. "வரச்சொல்லோ சீட்டு ஒரு விரக்கடதான் இருந்துச்சு சார். எவனோ சீட்ட லவட்டிக்கினு பூட்டான்னு நெனச்சேன். வூட்ல ஒக்கார வேணாமா?" என்றார். நான்காவது கியரிலும் வண்டி முக்கிக்கொண்டே போகிறது என்று பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல் சக்கரத்தையும் சின்னதாக மாற்றியிருந்தார். டாங்க் போதாதென்று சீட்டுக்கு அடியில் இரண்டு லிட்டர் கேனுக்கு ஒரு பட்டி அடித்திருந்தார். வளைகுடாச் சண்டையில் எந்த பங்கில் பெட்ரோல் இருக்கும், எதில் இருக்காது என்று தெரியாத நேரம் அது. புது வண்டிக்கும் சீட்டு செய்ய இரண்டு வாரம் முயன்றாராம். போல்ட்டு போட ஒரு ஓட்டைகூடக் கிடைக்கவில்லையாம். தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குப் புது வண்டியை வெளியே எடுத்தேன். ஊருக்கு வெளியே, ஏரிக்கு மேற்கே, ஆள் உயரத்துக்குப் படிப்படியாக ஒரு பாறைக் குவியல். முதல் கியரில் முன் சக்கரத்தைப் பாறையில் வைத்து லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டேன். அவ்வளவுதான். வண்டி ஏறியது என்று சொன்னால் பொய், பாறை இறங்கி வழிவிட்டது! உச்சியில் நின்று கத்தினேன். கீழே ரோசி கைதட்டினாள். இறங்கி மறுபடி ஏறினேன். ஐந்து முறை. முப்பத்தெட்டு வயசுக்காரன் இப்படி ஆடுவது அழகில்லைதான், ஆடினேன்.

பாறையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் தேடி வந்தது பாறை அல்ல, பாதை. ஏரிக்கரை மேலேயே பிள்ளைப்பாக்கம் பக்கமாக ஒரு சுற்று, ஆறு கிலோமீட்டர், போய்வருகிறேன் என்று கிளம்பினேன். முதல் இரண்டு கிலோமீட்டர் சொர்க்கம். மூன்றாவதில் இடது முட்டி முனக ஆரம்பித்தது. உட்கார இடமில்லை, கால் மாற்ற வழியில்லை. நான்காவதில் தொடை வெடவெடத்தது. ஐந்தாவதில், ஒரு சின்ன வாய்க்கால், எருமைகூட யோசிக்காமல் தாண்டுகிற வாய்க்கால், முட்டி மடங்கி வண்டியோடு அறுத்த வயலில் சாய்ந்தேன். அடி இல்லை. ஆனால் கிக்கரை உதைக்கக் காலில் தெம்பில்லை. கடைசி ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன்.

ரோசி புளியமரத்தடியில் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, பெட்ரோல் தீர்ந்துவிட்டது, சின்ன டாங்க் அல்லவா என்றேன். அவள் வண்டியை லேசாக ஆட்டினாள். உள்ளே களுக் களுக்கென்று சத்தம் கேட்டது.

"பெட்ரோல் இருக்குங்க," என்றாள். என் ஹெல்மெட்டை வாங்கித் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று ஏகாம்பரத்தைக் கேட்டாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம். முடிந்துபோயிற்றே என்ற துக்கம் மறுபக்கம். அழுதுவிடுவேனோ என்று பயந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏகாம்பரம் பஸ் நேரத்தைச் சொல்லவில்லை. ஒரு மணிக்கு வீட்டில் சோறும் வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பும் போட்டார். கை கழுவும்போது, "அத்த ஒரு ரவுண்டு ட்ரையல் பாத்துருங்க சார். கை வெக்காம போனா வண்டி கோச்சிக்கும்," என்றார். நான் ரோசியைப் பார்த்தேன். அவள் ஹெல்மெட்டை நீட்டினாள். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

இரண்டேகால் மணிக்குப் பழைய வண்டியில் கிளம்பினேன். பாறையில் முதல் படியோடு நின்றுவிட்டது. சரிதான் கிழவா என்று திருப்பினேன். ஏரிக்கரையில் வழக்கம்போல் எழுந்து நின்றேன். முட்டி முனகியதும், ஐயோ, உட்கார்ந்தேன்! உட்கார இடம் இருந்தது! சிவப்பு ரெக்ஸின் மெத்தென்று தாங்கியது. பள்ளம் வந்தால் எழுந்தேன், தாண்டியதும் உட்கார்ந்தேன். சமதரையில் நான்காவது கியர் போட்டால் வண்டி முக்காமல் ஓடியது. எல்லாம் அந்தச் சின்னப் பல் சக்கரம் செய்த வேலை. அந்த வாய்க்காலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. இந்த மனுஷன் தெரியாமல் செய்த ஒவ்வொன்றும் என்னை மாதிரி ஆளுக்கு வேண்டியதுதான். நான் வண்டியைப் பார்த்தா சிரித்தேன்? என் முட்டியைப் பார்த்தல்லவா சிரித்திருக்க வேண்டும்.

ஆறு கிலோமீட்டர் முடிந்தும் நிற்க மனமில்லாமல் இன்னொரு ஆறு போய்வந்தேன். ரோசியிடம் இந்தத் தடவை ஒரு பொய்யும் சொல்லவில்லை. முட்டி வலித்தது, உட்கார்ந்ததும் விட்டது என்று உள்ளதைச் சொன்னேன். அவள் குனிந்து என் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் இல்லை. பிறகு சீட்டையும் அழுத்திப் பார்த்தாள்.

நாலரை மணிக்குப் பேச்சு முடிந்தது. பழையதுதான். புதியதிடம் போய் அதன் ஹேண்டில்பாரைத் தடவிவிட்டு வந்தேன். ஆசை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சாரி கார்டை மட்டும் கழற்றிவிடலாமே, காட்டுப் பாதையில் கம்பி எதற்கு என்று ஏகாம்பரத்திடம் ஸ்பானர் கேட்டேன். அவர் ரோசியைப் பார்த்தார். ரோசி என்னைப் பார்த்தாள். ஸ்பானர் வரவில்லை.

ஐந்து பத்துக்கு விடைபெற்றோம். ரோசி பக்கவாட்டில் உட்கார்ந்து, சேலையைச் சக்கரத்தில் சிக்காமல் சாரி கார்டுக்கு வெளியே ஒதுக்கிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் நிதானமாக ஓட்டிக்கொண்டு போனேன். வீடு வரை நல்ல பிள்ளையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எண்ணம். அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்கமாட்டோம், தோளில் தட்டினாள்.

"ஏங்க, ஏரிக்கரை வழியா திருப்புங்க."