அடுப்படியில் காய்ந்த போஞ்சி

கந்தப்பளைப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் போஞ்சி அவரை போட்டிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். கொடி தாங்காமல் காய்த்த வாரத்தில் மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டது. காய்கறி ஏற்றும் லொறி வரவில்லை. லயத்தில் எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் போஞ்சிதான், யாருக்குக் கொடுப்பது?

முந்தின வருஷமும் இப்படித்தான் ஆனது. முற்றிப்போனதையெல்லாம் என் வீட்டுக்காரர் குழி வெட்டிப் புதைத்தார். பிறகு அந்த மழை முடியும் வரை ரொட்டியும் சம்பலும்தான். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் குழியைத் தாண்டித்தான் போவேன்.

இந்தத் தடவை விடுவதில்லை என்றிருந்தேன். நார் உரித்து, நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் முக்கியெடுத்து மூன்று சுளகில் பரப்பினேன். வெயில்தான் இல்லை. காலையில் பனி, மத்தியானம் மழை. ஒரு சுளகில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இன்னொன்றை எங்கள் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். ஈர விறகின் புகையில் கறுத்து, வாயில் வைக்க முடியாதபடி ஆகிவிட்டது. ஒரு சுளகுதான் மிஞ்சியது.

என் வீட்டுக்காரர் தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரில் வேலை செய்தார். தூள் காயவைக்கும் சூட்டுக்காற்றுக்காக எரியும் பெரிய அடுப்புக்கு விறகு போடுகிற வேலை.

"அடுப்புக்குப் பின்னால வெறகு காய வைக்கிற எடத்துல ரெண்டு நாள் வச்சு எடுங்களேன்" என்றேன்.

"தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கும் புள்ள. தெரிஞ்சா பத்துச்சீட்டுதான்."

பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையோடு லயத்து அறையும் போய்விடும். எங்கள் பிரஜாவுரிமை மனு ஏதோ அரசாங்கக் கச்சேரியில் கிடந்த காலம் அது. வெளியே போனால் நிற்க இடம் கிடையாது. தெரிந்தும், "அப்ப இதையும் குழி வெட்டிப் பொதைங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சுளகைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார்.

இரண்டாம் நாள், ஸ்டோருக்கு மேலே உள்ள மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கங்காணி வந்து, "கூடைய வச்சிட்டுக் கீழ போ. ஒன் வீட்டுக்காரர டீமேக்கர் ஐயா நிறுத்தி வச்சிருக்காரு. தூள்ல வாடை அடிக்குதாம்" என்றார்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரின் மேசையில், ருசி பார்க்க வரிசையாகத் தேநீர்க் கோப்பைகள். தரையில் என் சுளகு. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு கொண்டாந்தது?" என்றார் டீமேக்கர்.

"நான்தாங்க ஐயா."

"நான் சொல்லித்தாங்க கொண்டாந்தாரு" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார்.

"நாளைக்குத் தொர வாறாரு. இந்தத் தூள எப்பிடிக் காட்டுறது?" என்று சொல்லி, டீமேக்கர் தூள் இருந்த தட்டை என் பக்கம் தள்ளினார். குனிந்து முகர்ந்தேன். அந்த வாடை எனக்குத் தெரிந்ததுதான்.

"ஐயா, இது போஞ்சி வாடை இல்லீங்க. பொகை. எங்க அடுப்புக்கு மேல வச்சது இப்பிடித்தாங்க நாறிச்சு."

"வாய மூடு" என்றார் என் வீட்டுக்காரர், மெல்ல.

டீமேக்கர் சுளகை எடுத்து முகர்ந்தார். தூளை மறுபடி முகர்ந்தார். பிறகு அடுப்பை அணைக்கச் சொன்னார். சூடு ஆறும் வரை நாங்கள் சுவரோரமாகவே நின்றோம். ஆள் உள்ளே இறங்கிப் பார்த்தபோது, சூட்டுக்காற்று போகும் குழாயில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அடுப்புப் புகை அது வழியாகத் தூளுக்குப் போயிருக்கிறது.

"மூணு நாளைக்கு ஒனக்கு வேலை இல்ல" என்றார் டீமேக்கர் அவரிடம். என்னைப் பார்த்து, "இத எடுத்துட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் ஒரு சாமான் வரக்கூடாது" என்றார். அவ்வளவுதான்.

மழையில், கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்குக்குள் சுளகை மறைத்துக்கொண்டு நடந்தேன். லயத்து வாசலில் நின்று அவர் கேட்டார்: "கொழாய் வெடிக்காம இருந்திருந்தா என்னா சொல்லியிருப்ப?"

நான் சுளகை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

வத்தல் ஏறக்குறையக் காய்ந்திருந்தது. மிச்ச ஈரத்தை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டிப் போக்கி, பிஸ்கட் தகரத்தில் அடைத்தேன். அந்த மழைக்காலத்தில் ரொட்டிக்கு அதைத்தான் பொரித்து வைத்தேன். ஒரு துண்டுகூட வீணாகவில்லை. அவர் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார்; நல்லா இருக்கு என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவர் பாதி நிலத்தில்தான் போஞ்சி போட்டார். "மிஞ்சினாத்தானே காய வைக்கணும்" என்றார்.