பன்னிரண்டு மணி மாத்திரை

இந்த ஊர் மருந்துக்கடைக்காரர் ஆஸ்பிரினைப் பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது நண்பகல் பன்னிரண்டு ஆகிவிட்டால் எண்ணுவதை நிறுத்திவிடுவார். மாதா கோயிலில் நண்பகல் செபத்துக்கான மணி அடிக்கும். அவர் தலை குனிவார். என் தலைவலி காத்திருக்கும். மேற்கு ஜெர்மனியில், பவேரியாவின் இந்தக் கத்தோலிக்கச் சிற்றூருக்கு வந்த புதிதில் நானும் சேர்ந்து குனிந்தேன். கீழே எதையோ போட்டுவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

நான் வேதியியல்காரன். கருத்தடை மாத்திரையின் மூலக்கூறைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். அதில் ஒன்றை மனைவிக்கு வாங்கித் தரத்தான் முடியவில்லை. இரண்டாவது பிரசவத்தில் விசாலம் பிழைத்ததே பெரிது; இன்னொன்று வந்தால் உயிர் தங்காது என்று சென்னையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீயே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்வதுதானே என்பீர்கள். அங்கே அண்ணனின் அலுவலகத்தில் அதற்கு டிரான்சிஸ்டர் ரேடியோ தருவதாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கத்திக்குப் பயந்துதான் நான் கப்பலேறினேன் என்று விசாலம் சொல்வாள். முழுப் பொய் இல்லை.

இங்கே மாத்திரைக்குச் சட்டத்தில் தடையில்லை; மருத்துவர் சீட்டு வேண்டும். ஊருக்கு ஒரே மருத்துவர், அவர் தலைக்கு மேலே ஒரு சிலுவை. மனச்சாட்சி இடம் தரவில்லை என்றார். கருவைக் கலைப்பதோ அப்போது குற்றம். தாய்க்கு உயிராபத்து என்று மருத்துவர்கள் ஒப்பினால் விதிவிலக்கு உண்டாம். ஒப்ப வேண்டியவர் இவர்தான். என்னோடு அதே கப்பலில் வந்த சபாபதி, சுவருக்கு அந்தப்பக்கம், கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் இருந்தான். அங்கே மாத்திரை இலவசம், முதல் மூன்று மாதம் கருக்கலைப்பு முடிவைப் பெண்ணிடமே விட்டுச் சட்டமும் வந்துவிட்டது என்று எழுதியிருந்தான். 'வாழைப்பழம்தான் கிடைக்காது' என்று முடித்திருந்தான். அன்றைய வாழைப்பழம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. படிப்பில் என்னைவிட மக்கு அவன்.

பாதிரியாரிடம் பேசிப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னதை நான் நம் ஊர் வழக்கப்படி புரிந்துகொண்டேன். பெரியவர் ஒருவரைப் பார் என்றால் அவர் கையெழுத்தை வாங்கி வா என்றுதானே பொருள்? மனுவைத் தட்டச்சு செய்து, இரண்டு படி எடுத்து, புகைப்படமும் ஒட்டிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் ஒரு மேசை, அதில் ஒரு தாள்: பெயர், முகவரி, கையெழுத்து, குறிப்பு. வருகைப் பதிவேடு இல்லாத அலுவலகத்தை நான் கண்டதில்லை. நிரப்பினேன். குறிப்பில், 'மனைவியின் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கோரி.'

பாதிரியார் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கள் என் மந்தையில் இல்லை. தடுக்கவும் எனக்கு உரிமையில்லை, அனுமதிக்கவும் இல்லை," என்றார். பிறகு, "கையெழுத்துக்கு நன்றி."

வெளியே வரும்போதுதான் மேசைமேல் இருந்த அடுத்த தாளின் தலைப்பைப் படித்தேன். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்று தலைநகர் பானில் இருக்கும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் மனு அது; நான் நிரப்பியதும் அதன் ஒரு தாளைத்தான்.

மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரம்மா ஃப்ராவ் ஹூபர், ஞாயிறு பூசை தவறாதவர், மாடியேறி வந்து என்னைத் தாண்டி விசாலத்திடம் பேசினார்.

"இதையெல்லாம் போய்க் கேட்பார்களா? கேட்டால் அவர்கள் கூடாது என்றுதானே சொல்ல வேண்டும்? மாதாமாதம் வலி என்று சொல்."

மறுநாள் விசாலம் தனியாகப் போனாள். அதே மருத்துவர், அதே சிலுவை. வலி என்றாள், நிமிராமல் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஃப்ராவ் ஹூபருக்கும் பல வருடமாக அதே வலியாம். தெருவுக்கே அந்த வலி.

"நீங்க ரெண்டு காப்பி டைப் அடிங்க," என்றாள் விசாலம். "நான் ஒரு வார்த்தை சொன்னேன், கிடைச்சுடுச்சு."

உயிர் போகாது என்றானதும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, அதற்குள்ளேயே ஓர் எரிச்சலும் இருந்தது. என்னிடம் சொல்லாத எதையோ சொல்லி இருவரும் சமையலறையில் சிரிப்பார்கள். என் ஜெர்மன் அந்தச் சிரிப்புவரை போவதில்லை. சபாபதியை விட்டு ஃப்ராவ் ஹூபர்மேல் பொறாமைப்பட ஆரம்பித்தேன்.

மாத்திரையை மறக்காமலிருக்க விசாலம் கோயில் மணியை வைத்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை நண்பகல் மணி அடிக்கிறது. ஃப்ராவ் ஹூபர் சிலுவை இட்டுக்கொள்கிறார், விசாலத்துக்குத் தண்ணீர் நீட்டுகிறார், தானும் ஒன்றை விழுங்குகிறார். நான் வாசற்படியில் நிற்கிறேன். பானில் ஏதோ ஒரு காகிதக் கட்டுக்குள் என் பெயர் இவர்கள் இருவருக்கும் எதிராக இருக்கிறது. உள்ளே போவதா, வெளியே போவதா என்று தெரியாமல், மணி ஓயும்வரை தலையைக் குனிந்துகொள்கிறேன். இந்த முறை கீழே எதுவும் விழவில்லை என்று எனக்குத் தெரியும்.