ராணியின் புது அடுப்பு

கோப்பாயில் கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் கணவன் துணையில்லாத தாய்மாருக்காக நடத்தும் இல்லத்தில் என்னோடு இரண்டு வருடம் இருந்த ராணி, இன்று மகளோடு மருதனார்மடத்தில் ஒரு வாடகை அறைக்குக் குடிபோனாள். சிஸ்டர் கொடுத்த தையல் மெஷினைத் தூக்க நானும் போனேன்.

பால் காய்ச்ச அடுப்பு மூட்டக் குனிந்தவளை வீட்டுக்கார அம்மா மறித்தார்.

“பொறு பிள்ளை. சுமங்கலிதான் மூட்டவேணும். உன்ரை மனுசன் இருக்கிறாரோ?”

“எண்பத்தேழிலை ஆமி ஊரைச் சுத்திவளைச்ச ரவுண்டப்பிலை பிடிச்சுக்கொண்டு போனவங்கள், அம்மா. பிறகு ஒரு தகவலும் இல்லை.”

“அப்ப, இருக்கிறாரோ இல்லையோ?”

ராணியின் கை நெற்றிப் பொட்டுவரை போய்த் திரும்பியது. தீப்பெட்டியை அவரிடமே நீட்டினாள்.

பால் நன்றாகத்தான் பொங்கியது.

அந்தக் கேள்விக்கு என்ன பதில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மாதம் நானும் அறை பார்க்க வேண்டும்.