ஜாஹிரா நீட்டிய மனு

பன்னிரண்டு வயதில் பீடி சுற்ற உட்கார்ந்த ஜாஹிராவுக்கு இப்போது நாற்பத்தாறு. இருமல் அவளை விட்டபாடில்லை. புகையிலை ஏற்றுமதிக்குக் கொடுக்கும் சலுகையை நிறுத்து, பீடி சுற்றும் பெண்களுக்கு வேறு வேலை கொடு என்று போராடும் அமைப்பு ஒன்று, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச அவளை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு அழைத்து வந்திருந்தது.

எதிர் வரிசையில், ஏற்றுமதிக்காரர்களோடு, அவளுக்கு பீடி இலை கொடுக்கும் ஏஜென்ட் சர்தார் உட்கார்ந்திருந்தார்.

"பேசிட்டு வா. நாளைக்கு இலைக்கு யார்கிட்ட போறேனு பாக்குறேன்," என்றார், சிரித்துக்கொண்டே. ஜாஹிரா மனுவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் மனுவை நீட்டினாள். அதிகாரி வாங்கவில்லை.

"என்னம்மா இது?"

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். காத்திருந்த நேரத்தில் அவள் விரல்கள் மனுவை இறுக்கிச் சுற்றி, நுனியை நகத்தால் மடித்துச் சொருகியிருந்தன. அசல் பீடி! எதிர் வரிசை கொல்லென்று சிரித்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சிரிங்க! முப்பத்திநாலு வருஷமா இந்தக் கைக்கு வேற எதுவும் தெரியாம பண்ணது யாரு? அதைத்தான் சார் இதுல எழுதியிருக்கோம். பிரிச்சுப் படிங்க."

அதிகாரி தாளைப் பிரித்து மேசைமேல் அழுத்தினார். கையை எடுத்ததும் அது மறுபடி சுருண்டுகொண்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.